இருபது பேர் எண்ணிய பழ ஈக்கள்: திருப்பதி, வெதுருகுப்பம், சித்தூர்

திருப்பதிக்குப் போய்விட்டு மலை ஏறாமல் திரும்பினேன் என்றால் எங்கள் வீட்டில் யாரும் நம்புவதில்லை. "லட்டு எங்கே?" என்று கேட்டவர்களிடம் ஒரு கோணிப்பை கிளிமூக்கு மாங்காயைக் காட்டிச் சமாளித்தேன். நான் போனது சாமி பார்க்க அல்ல, பாடம் எடுக்க. அங்கே நடந்ததை நினைத்தால் இன்றுவரை எனக்குச் சிலிர்ப்பு அடங்கவில்லை. அதனால்தான் வழக்கத்தைவிட நீளமாக எழுதுகிறேன்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக: நான் சென்னையில் ஒரு மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் புள்ளிவிவர வேலை பார்க்கிறேன். விடுப்பு கிடைக்கும்போதெல்லாம் கல்லூரிகளுக்குப் போய் மூன்று நாள் வகுப்பு ஒன்று நடத்துகிறேன். பாடம் எளிது. ஒருவர் செய்த ஆய்வை, அவருடைய தரவையும் அவர் எழுதி வைத்த படிகளையும் எடுத்துக்கொண்டு இன்னொருவர் செய்து பார்த்தால் அதே விடை வரவேண்டும். அப்படி வருவதற்கு எல்லாவற்றையும் ஒழுங்காக, பிறர் பார்க்கும்படி திறந்து வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான். கேட்கும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். செய்யச் சொன்னால்தான் கஷ்டம் தெரியும்.

இந்த ஜூன் மாதம் நடுவில் திருப்பதியில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. புது வகுப்புகள் இன்னும் தொடங்கவில்லை. ஆய்வேடு முடிக்க வேண்டிய முதுகலை மாணவர்கள் இருபது பேர் மட்டும் விடுதியில் இருக்கிறார்கள், அவர்களுக்கு நடத்துங்கள் என்றார்கள்.

மாதவரம் பேருந்து நிலையத்தில் காலை ஐந்தரைக்கு வண்டி ஏறினேன். ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், புத்தூர் வழி. கட்டணம் இருநூறு ரூபாயை ஒட்டி வந்தது. நான்கு மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாகலாபுரம் தாண்டியதும் வலப்பக்கம் மலை கூடவே வரும், அதனால் வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். வடமாலபேட்டை நெருங்கும்போது சாலை முழுக்க மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள். எல்லாம் கூழ் ஆலைகளுக்குப் போகிறவை. எங்கள் வண்டி அவற்றின் பின்னால் மாட்டுவண்டி வேகத்தில் ஊர்ந்தது.

பல்கலைக்கழக விருந்தினர் விடுதியில் ஏதோ பராமரிப்பு வேலை நடந்ததால் திருச்சானூரில் ஒரு லாட்ஜில் தங்கினேன். நாளுக்கு ஆயிரம் ரூபாய். அறை சுத்தம், வெந்நீர் காலையில் மட்டும். அங்கிருந்து திருப்பதி பேருந்து நிலையத்துக்கு ஐந்து கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். ஆட்டோக்காரர் என் மடிக்கணினிப் பையையும் மின்கம்பிச் சுருளையும் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, கரண்ட் வேலையா?" என்றார். காலேஜில் பாடம் எடுக்கப் போகிறேன் என்றேன். "அப்போ மேல போலியா? இவ்ளோ தூரம் வந்துக்கினு?" என்று எனக்காக வருத்தப்பட்டார்.

முதல் நாள் எப்போதும் போலத்தான் போனது. கோப்புகளுக்குப் பெயர் வைப்பது, மூலத் தரவில் கை வைக்காமல் இருப்பது, செய்கிற ஒவ்வொன்றையும் கட்டளையாக எழுதி வைப்பது. ஒரு பையனின் கணினியில் 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'ஃபைனல் நெஜமா' என்று மூன்று கோப்புகள் இருந்தன. திரையில் காட்டினேன், எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் மெதுவாகத் தங்கள் கணினியை மூடிக்கொண்டார்கள்.

பாதித் தமிழ், பாதித் தெலுங்கு, நடுவில் ஆங்கிலம் என்று வகுப்பு ஓடியது. எனக்குத் தெலுங்கு புரியும், பேச வராது. நான் தடுமாறும்போதெல்லாம் எடுத்துக்கொடுத்தவர் தாமோதரன். நகரிக்காரர், வீட்டில் விசைத்தறி, புள்ளியியல் மாணவர். அதிகம் பேசாதவர். அவருக்குப் பக்கத்து இருக்கையில் எஸ்தர். சித்தூர்ப் பெண், பூச்சியியல் மாணவி. எல்லாக் கேள்விக்கும் முதல் ஆளாகக் கை தூக்குகிறவள். அவளுடைய ஆய்வு மாமரத்தில் தொங்கவிடும் பழ ஈப் பொறியைப் பற்றியது. பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வாசனை மருந்தில் ஊறிய ஒரு மரத்துண்டு. ஈ உள்ளே போகும், வெளியே வராது. அதை ஆள் உயரத்தில் மாட்டினால் அதிகம் விழுமா, ஏணி போட்டு மேலே மாட்டினால் அதிகம் விழுமா என்பதுதான் அவள் கேள்வி. வெதுருகுப்பம் பக்கம் ஆறு தோப்புகளில் இருபத்துநான்கு பொறிகளைப் பாதி மேலும் பாதி கீழுமாகத் தொங்கவிட்டு, பத்து வாரம், வாரம் தவறாமல் போய் எண்ணியிருந்தாள். கீழே மாட்டினால் இரண்டு மடங்கு விழுகிறது என்பது முடிவு.

முடிவு காகிதத்தோடு நிற்கவில்லை. எஸ்தரின் வழிகாட்டிப் பேராசிரியர் சுஜாதா மேடம் அதைத் தெலுங்கில் ஒரு துண்டுப் பிரசுரமாக அச்சடித்திருந்தார். வெதுருகுப்பத்து விவசாயிகள் பத்து நாள் முன்பே எஸ்தரின் பேச்சை நம்பித் தங்கள் பொறிகளை எல்லாம் கீழே இறக்கிவிட்டார்கள். பிரசுரம் இன்னும் இரண்டு நாளில் சுற்றியிருக்கிற ஊர்களுக்கெல்லாம் போகவிருந்தது. இதை எஸ்தர் முதல் நாள் தேநீர் இடைவேளையில் என்னிடம் சொன்னபோது அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

இரண்டாம் நாள் காலையில் நான் எப்போதும் கொடுக்கிற பயிற்சியைக் கொடுத்தேன். இருவர் இருவராகச் சேர்ந்து, உங்கள் ஆய்வுக் கோப்புறையைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். அவர் உங்களிடம் எதுவும் கேட்காமல், மூலத் தரவிலிருந்து தொடங்கி, உங்கள் விடைக்கு வந்து சேரவேண்டும். எஸ்தரின் கோப்புறை தாமோதரனிடம் போனது.

மதியச் சாப்பாட்டு நேரம். வகுப்பில் எல்லோரும் கிளம்பிய பிறகும் தாமோதரன் எழுந்திருக்கவில்லை. நான் விளக்கை அணைக்கப் போனபோது கூப்பிட்டார்.

"மேடம், ஒரு நிமிசம். எனுக்கு வேற மாரி வந்துக்கினு கீது."

"வேற மாதிரின்னா?"

"அவுங்களுக்குக் கீழ மாட்னது ரெட்டிப்பு. எனுக்கு ரெண்டும் ஒண்ணாக் கீது. மூணு வாட்டி போட்டுப் பாத்துட்டேன்."

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எஸ்தர் ஒவ்வொரு வாரமும் தனித்தனியாகத் தட்டச்சு செய்த பத்துக் கோப்புகள் இருந்தன. அவற்றைச் சேர்த்து அவள் செய்த ஒரு பெரிய கோப்பும் இருந்தது. தாமோதரன் பெரிய கோப்பைத் தொடாமல் பத்தையும் கட்டளை எழுதிச் சேர்த்திருந்தார். நான்காவது முறை நான் போட்டேன். ஆள் உயரம் நாற்பத்தாறு, ஏணி உயரம் நாற்பத்தேழு. ஒரு பொறிக்கு ஒரு வாரத்துக்குச் சராசரி. வித்தியாசமே இல்லை.

"எஸ்தர்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல மேடம்." அவர் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அவுங்க எவ்ளோ சந்தோசமாக் கீறாங்க. மாசக் கடசில தீசிஸ் குடுக்கணும். வேலையும் ரெடியாக் கீது அவுங்களுக்கு. நான் சொன்னா அல்லாம் போயிடும். சொல்லாம வுட்டா..." முடிக்கவில்லை.

"நோட்டீஸ் நாளைக்குப் போகுது, தாமோதரன். வாங்க, நானும் வர்றேன்."

உணவகத்துக்கு வெளியே மரத்தடி மேசையில் எஸ்தர் எலுமிச்சைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "இன்னா தாமு, துன்ட்டியா?" என்று சிரித்தாள். அவர் மடிக்கணினியை அவள் முன்னால் வைத்தார். கையை எடுத்து மேசைக்கடியில் வைத்துக்கொண்டார்.

அவள் பார்த்தாள். தன்னுடைய பெரிய கோப்பைத் திறந்து மேலிருந்து கீழே உருட்டினாள். நிறுத்தினாள். மறுபடி மேலே போனாள். கண்டுபிடித்தது அவளேதான்.

"ஹை எல்லாம் மேல கீது. லோ எல்லாம் கீழ கீது," என்றாள். "இந்த ஒரு பத்திய மட்டும் ஸார்ட் பண்ணிட்டேன்."

நடந்தது இதுதான். உயரம் எழுதியிருந்த பத்தியை மட்டும் அகரவரிசைப்படி அடுக்கியிருக்கிறாள், ஈக்களின் எண்ணிக்கை இருந்த பத்தி அசையாமல் அதே இடத்தில் நின்றுவிட்டது. ஆங்கில அகரவரிசையில் 'ஹை' முன்னால் வரும், 'லோ' பின்னால் வரும். அதனால் வாரங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்த அந்தக் கோப்பில் முதல் ஐந்து வாரக் கணக்கு எல்லாம் மேல் பொறி ஆனது, கடைசி ஐந்து வாரக் கணக்கு எல்லாம் கீழ்ப் பொறி ஆனது. மாங்காய் பழுக்கப் பழுக்க ஈ பெருகும், எல்லோருக்கும் தெரியும். பருவத்தால் பெருகியதை உயரத்தால் பெருகியதாக அந்தக் கோப்பு காட்டியிருக்கிறது. தேதிப் பத்தி இருந்திருந்தால் யார் கண்ணிலாவது பட்டிருக்கும். அதைத் தேவையில்லை என்று அழித்திருந்தாள்.

எஸ்தர் எழுந்து கை கழுவப் போனாள். குழாயடியில் வெகுநேரம் நின்றாள். தாமோதரன் என்னைப் பார்த்தார், போய்ப் பேசுங்கள் என்பதுபோல. நான் எழுந்திருப்பதற்குள் அவளே திரும்பி வந்தாள். கண் சிவந்திருந்தது, குரல் தெளிவாக இருந்தது.

"மேடம், எது சரின்னு மொதல்ல தெரியணும். வாராவாரம் நான் டைப் பண்ணதுலயும் தப்பு இருந்தா? இனிமே என்னையே என்னால நம்ப முடியாது. ஆனா போட்டோ கீது. ஒவ்வொரு வாட்டியும் ட்ராப்புலருந்து ஈயக் கொட்டி, நம்பர் சீட்டு வச்சி போட்டோ புடிச்சேன். எரநூத்தி நாப்பதும் போன்ல கீது."

"அத்தன போட்டோவையும் நீங்க ஒருத்தரா மறுபடி எண்ணப் போறீங்களா?"

"இல்ல மேடம். நான் எண்ணவே கூடாது."

பல வருடமாக இந்த ஒன்றைத்தான் நான் ஸ்லைடு போட்டுப் புரியவைக்கப் பார்க்கிறேன்.

மதிய வகுப்பில், தரவைப் பிறர் பயன்படுத்தக் கொடுக்கிற உரிமங்களைப் பற்றிப் பேசுவதாக இருந்தேன். அதை ஒதுக்கி வைத்தேன். எஸ்தர் முன்னால் போய் நின்று, தெலுங்கிலும் தமிழிலுமாக, தான் செய்த பிழையை அப்படியே திரையில் காட்டிச் சொன்னாள். பெரிய கோப்பைத் திறந்து காட்டினாள். யாரும் சிரிக்கவில்லை. பிறகு, "எனக்கு நீங்க எண்ணித் தரணும்," என்றாள். கேட்டது அவ்வளவுதான்.

ஏற்பாட்டைத் தாமோதரன் செய்தார். ஒவ்வொரு படத்தையும் இரண்டு பேர் எண்ணவேண்டும், ஒருவர் எண்ணியது மற்றவருக்குத் தெரியக்கூடாது. எந்த எண் பொறி மேலே, எது கீழே என்கிற விவரம் எஸ்தரிடம் மட்டும் இருக்கும், அவள் எண்ணமாட்டாள். இரண்டு பேர் கணக்கும் ஒத்துவராத படத்தை மூன்றாவது ஆள் எண்ணவேண்டும். தலைக்கு இருபத்துநான்கு படம்.

இரண்டரைக்குத் தொடங்கினார்கள். வெள்ளைத் தாளில் கொட்டிய ஈக்கள், சில படங்களில் சிதறி, சில படங்களில் ஒன்றின்மேல் ஒன்றாக. படத்தைப் பெரிதாக்கி, எண்ணிய ஈயின் மேல் புள்ளி வைத்து, அடுத்ததுக்குப் போய்... மின்விசிறிச் சத்தமும் உதட்டுக்குள் எண்ணுகிற முணுமுணுப்பும் மட்டும். தெலுங்கில் எண்ணுகிறவர்கள், தமிழில் எண்ணுகிறவர்கள், எல்லோரும் நூறைத் தாண்டியதும் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். ஏன் என்று தெரியவில்லை.

நான்கு மணிக்குச் சுஜாதா மேடம் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். துறையில் அவர் நடந்து வந்தால் தாழ்வாரத்தில் பேச்சு நின்றுவிடும், அப்படிப்பட்டவர். பிரசுரத்தில் முதல் பெயர் அவருடையது. எஸ்தர் எழுந்து போய், வாசலிலேயே நிறுத்தி, தெலுங்கில் எல்லாவற்றையும் சொன்னாள். நான் கடைசி வரிசையில் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்படி ஒரு கட்டத்தில் சத்தம் போட்டுவிட்டு வெளியே போன பேராசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அவர் நடுவில் குறுக்கிடவே இல்லை. கேட்டு முடித்ததும் கைப்பையை மேசைமேல் வைத்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "நாக்கு கூடா இருபத்துநாலு இவ்வண்டி" என்று தெலுங்கும் தமிழும் கலந்து சொன்னார். எனக்கும் இருபத்துநான்கு கொடுங்கள் என்கிறார். முன்வரிசையில் காலியாக இருந்த ஒரு நாற்காலியில் மாணவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, ஈக்களை எண்ணத் தொடங்கினார்.

அந்த அறையில் எல்லோருக்கும் முதுகு நிமிர்ந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மலை தெரிந்தது. அதைவிடப் பெரிதாக ஏதோ ஒன்று எனக்குப் பின்னால் உட்கார்ந்து, ஆள்காட்டி விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருப்பதாகத் தோன்றியது.

ஆறரைக்கு எண்ணி முடிந்தது. விடையை ஒரே கணினியில் பார்க்கவேண்டாம் என்று தாமோதரன் சொன்னார். எல்லாருக்கும் தரவு போகட்டும், எஸ்தர் உயரப் பட்டியலைக் கொடுக்கட்டும், அவரவர் கட்டளையை அவரவர் எழுதிப் போடட்டும். சில நிமிடம் விசைகளின் சத்தம். பிறகு இடது மூலையிலிருந்து ஒரு குரல், "நலபை ஆறு, நலபை ஏடு." பின்னாலிருந்து ஒரு பெண், "நாப்பத்தாறு, நாப்பத்தேழு." ஜன்னலோரம், "ஃபார்ட்டி சிக்ஸ், ஃபார்ட்டி செவன்." ஒன்று முடிவதற்குள் இன்னொன்று. மூன்று மொழியில் ஒரே எண். சேர்ந்து படிக்கிற பாட்டு மாதிரி அது அறை முழுக்கச் சுற்றியது.

யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. ஒருவரும் ஒருவரை நம்பவேண்டிய தேவையும் இல்லை. வேறு வேறு கண், வேறு வேறு கை, ஆனால் எல்லோரும் ஒரே இடத்தில் போய் நின்றார்கள். இதைப் பற்றிப் பேசிப் பேசி என் தொண்டை தேய்ந்திருக்கிறது. கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

எஸ்தர் அழுதாள். தோற்றுப்போன அழுகை மாதிரி இல்லை. தாமோதரன் தன் கைக்குட்டையை நீட்டி, அது அழுக்காக இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துக்கொண்டார்.

சுஜாதா மேடம் வெளியே போய் யாரிடமோ தொலைபேசியில் பேசி, பிரசுரத்தை நிறுத்தச் சொன்னார். திரும்பி வந்து எஸ்தரின் தோளில் கை வைத்து, "ரேப்பு மனம் போதாம்," என்றார். நாளைக்கு நாம் போவோம்.

மறுநாள் காலை ஆறரைக்குக் கார். மூன்றாம் நாள் வகுப்பை நீங்களே நடத்திக்கொள்ளுங்கள் என்று மாணவர்களிடம் விட்டுவிட்டேன். எஸ்தரின் படங்கள், கணக்குகள், கட்டளைகள் எல்லாவற்றையும் யாரும் எடுத்துப் பார்க்கும்படி ஒழுங்குசெய்து இணையத்தில் வைப்பது அன்றைய வேலை. நாங்கள் நான்கு பேர் கிளம்பினோம்: மேடம், எஸ்தர், தாமோதரன், நான். திருப்பதியிலிருந்து வெதுருகுப்பம் நாற்பது கிலோமீட்டர் சொச்சம் என்றார் ஓட்டுநர். சிறு சாலை, இரண்டு பக்கமும் மாந்தோப்பு, நடுநடுவே நிலக்கடலையும் கரும்பும். ஒன்றேகால் மணி நேரம் ஆனது. வழியில் டிபனுக்குக் கடை குறைவு, கிளம்பும்போதே சாப்பிட்டுவிடுங்கள். கார் வாடகை எவ்வளவு என்று மேடம் கடைசிவரை சொல்லவில்லை. நாள் வாடகை இரண்டாயிரத்தைந்நூறு போல ஆகும் என்று முந்தின இரவு லாட்ஜில் விசாரித்திருந்தேன்.

முனிரத்தினம் நாயுடுவின் தோப்பில் விவசாயிகள் பத்துப் பேர் இருந்தார்கள். நாயுடுதான் முதலில் பொறிகளை இறக்கியவர். அவர் இறக்கியதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் இறக்கினார்கள். எங்களைப் பார்த்ததும் அவர் மனைவி மோர் கொண்டுவந்தார். நோட்டீஸ் வந்துவிட்டதா என்று ஒருவர் கேட்டார்.

சுஜாதா மேடம் வாயைத் திறக்கப் போனார். எஸ்தர், "நான் சொல்றேன் மேடம்," என்றாள்.

இரண்டு மொழியிலும் சொன்னாள். நான் கீழே மாட்டச் சொன்னது தப்பு. நான் கணக்கைச் சேர்க்கும்போது பிழை செய்துவிட்டேன். மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் ஒரே அளவுதான் விழுகிறது. என்னை நம்பி நீங்கள் வேலை செய்தீர்கள், மன்னித்துக்கொள்ளுங்கள்.

மோர் டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது.

"ஏம்மா," என்றார் நாயுடு. எங்களுக்காகத் தமிழில் பேசினார். "நீ சொன்னேன்னுதானே எறக்குனோம்? ரெண்டு நாளு ஆளு வச்சி எறக்குனோம்."

"ஆமாங்க."

"என்துல ரெண்ட ஆடு முட்டித் தள்ளிடிச்சி," என்றார் இன்னொருவர்.

"தெரியுங்க. என் தப்புதான்."

"இப்போ மறுபடி ஏத்தணுமா?"

"வாணாங்க. ஆடு வராத எடத்துல அப்டியே இருக்கட்டும். ஆடு வர்ற எடத்துல மட்டும் ஏத்திக்கங்க. ரெண்டும் ஒண்ணுதான்."

நாயுடு துண்டை உதறித் தோளில் போட்டார். கோபம் வந்ததும் அவர் பேச்சு தானாகத் தெலுங்குக்குப் போனது. "சரே. இப்புடு செப்பேதி மாத்ரம் எட்லா நம்மேதி?"

சரி, இப்போது சொல்வதை மட்டும் எப்படி நம்புவது. தாமோதரன் என் காதில் சொல்வதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. நியாயமான கேள்வி. 

எஸ்தர் பக்கத்து மரத்துக்குப் போய் ஒரு பொறியைக் கழற்றினாள். "நம்பாதீங்க," என்றாள். "நீங்களே எண்ணுங்க." நாயுடுவின் துண்டை வாங்கித் தரையில் விரித்து ஈக்களைக் கொட்டினாள்.

நாயுடு குந்தி உட்கார்ந்து ஒரு குச்சியால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினார். அறுபத்தொன்று. அவர் மனைவி, "தள்ளுங்க," என்று அவரை நகர்த்திவிட்டு எண்ணினார். ஐம்பத்தெட்டு. "கண்ணாடி போட்டுக்கோன்னா கேக்கமாட்டாரு," என்றார். பத்துப் பேரும் சிரித்தார்கள். ஆடு முட்டியதாகச் சொன்னவர் மூன்றாவதாக எண்ணினார். ஐம்பத்தெட்டு. நாயுடு நாலாவது முறையாகத் தானே எண்ணி, மூன்று காய்ந்த இலைத் துணுக்குகளை ஈ என்று நினைத்துவிட்டதாக ஒப்புக்கொண்டார்.

"இதுக்குத்தாங்க ரெண்டு பேரு எண்றது," என்றாள் எஸ்தர். பிறகு தன் போனில் இருந்த படங்களைக் காட்டினாள். அவர்கள் தங்கள் தோப்பு எண்ணைத் தேடிப் பிடித்து, எண்ணி, பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மாமரத்தடியில் பத்து விவசாயிகள் ஒரு முதுகலை ஆய்வை வரிவரியாகச் சரிபார்த்தார்கள். பக்கத்தில் நின்ற சுஜாதா மேடம் என்னிடம் ஆங்கிலத்தில் மெதுவாக, இத்தனை வருடத்தில் இவ்வளவு கடினமான வாய்மொழித் தேர்வைப் பார்த்ததில்லை என்றார்.

கிளம்பும்போது நாயுடு எஸ்தரிடம், "வர்ற வருசம் பாதி மேல, பாதி கீழ நாங்களே கட்டுறோம். நாங்களே எண்ணுறோம். நீ வந்து சரியாக் கீதான்னு பாரு," என்றார். கோபம் முழுசாகப் போய்விட்டதா என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் காரில் மூன்று பை மாங்காய் ஏறியது.

மேடமும் தாமோதரனும் காரில் திருப்பதிக்குத் திரும்பினார்கள். நானும் எஸ்தரும் ஒரு பை மாங்காயை எடுத்துக்கொண்டு பேருந்தில் சித்தூர் போனோம். ஒன்றரை மணி நேரம், கூட்டம் இல்லை. அந்தப் பேருந்தில்தான் அவள் மேடத்தை விட்டு அக்காவுக்கு மாறினாள். "அக்கா, நைனாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல," என்றாள். அவள் அப்பா கூழ் ஆலை ஒன்றில் லாரி ஓட்டுகிறார்.

அவர்கள் வீடு பழைய மிஷன் தேவாலயத்துக்குப் பின்தெருவில். மதியம் கேழ்வரகுக் களி, வேர்க்கடலைச் சட்னி, கோழிக்குழம்பு. அப்பா கண் மூடி ஜெபம் செய்து முடித்து, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "முடிஞ்சிதா பாப்பா?" என்றார்.

"முடியல நைனா. தப்பாப் பண்ணிட்டேன். மறுபடி எழுதணும். இன்னும் ஒரு மாசம் ஆவும்."

அவர் களியை உருட்டிக்கொண்டே, "தப்புன்னு யாரு கண்டுபுடிச்சது?" என்றார்.

"கூடப் படிக்கிற பையன்."

"நல்ல பையன். ஒரு நாளு வூட்டுக்கு இட்டுக்கினு வா, துன்னுட்டுப் போவட்டும்." சொல்லிக்கொண்டே அவள் தட்டில் இரண்டாவது முறை குழம்பு ஊற்றினார்.

அன்று மாலையே எஸ்தர் வேலை தருவதாகச் சொன்ன விதை நிறுவனத்துக்குத் தொலைபேசி செய்து, பட்டம் ஒரு மாதம் தள்ளிப்போகும், காரணம் இது என்று சொன்னாள். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். நான்கு நாள் கழித்து, ஆகஸ்டில் வந்து சேரச் சொல்லிவிட்டார்கள்.

நான் சித்தூரிலிருந்து காட்பாடிக்குப் பேருந்து பிடித்து, அங்கிருந்து ரயிலில் சென்னை திரும்பினேன். காட்பாடிக்கு ஒரு மணி நேரம். ரயில்கள் நிறைய உண்டு, முன்பதிவு இல்லாமலே சமாளிக்கலாம்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தை. ஜூனில் வெயில் தணியத் தொடங்கினாலும் மதியம் எரிக்கும், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். வார இறுதியில் திருப்பதியில் அறை கிடைப்பது கஷ்டம், திருச்சானூர் பரவாயில்லை. வகுப்பெடுக்கப் போகிறவர்கள் மின்கம்பிச் சுருள் இரண்டு கொண்டுபோங்கள், எந்தக் கல்லூரியிலும் இருபது மடிக்கணினிக்குச் சுவரில் துளை இருக்காது. பயிற்சிக்கு இணையத்தில் கிடைக்கும் மாதிரித் தரவை எடுக்காதீர்கள். மாணவர்களின் சொந்தத் தரவையே மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். பயமாக இருக்கும், ஒருவருடைய மாதக்கணக்கான உழைப்பு உங்கள் கண் முன்னால் சரியலாம். அப்போது ஓடிப்போய்த் தாங்கிப் பிடிக்காமல் கொஞ்சம் பொறுங்கள். பக்கத்தில் இருக்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். இன்னொன்று: முதலில் சம்பந்தப்பட்டவரிடம் சொல்லவேண்டும், அதன் பிறகுதான் வகுப்புக்கு. தாமோதரன் அன்றைக்கு என்னிடம் வந்து தயங்காமல் இருந்திருந்தால் அதை நான் பாடத்தில் சேர்த்திருக்கமாட்டேன்.

போன வாரம் எஸ்தரிடமிருந்து அழைப்பு வந்தது. இணையத்தில் வைத்த அவளுடைய கோப்புகளைப் பீகாரில் ஒரு மாணவி எடுத்திருக்கிறாள். அங்கேயும் மாந்தோப்புகள்தான். அவளுக்கும் நாற்பத்தாறு, நாற்பத்தேழு வந்ததாம். அதோடு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறாள்: ஏழாவது வாரம், பதினான்காம் எண் பொறியில் ஏன் ஒரு ஈகூட இல்லை?

"நான் அந்தப் போட்டோவத் தெறந்து பாத்தேன் அக்கா," என்றாள் எஸ்தர். "வெறும் வெள்ளத் தாளு. நாங்க எண்ணும்போது ரெண்டு பேருமே பூஜ்யம்னு போட்டிருக்காங்க. சரிதான், ஈ இல்ல. ஆனா பேப்பர் ஓரத்துல எறும்பு வரிசையாப் போய்க்கினு கீது. ரெக்கையத் தூக்கிக்கினு."

எனக்கு உடனே புரியவில்லை.

"ஈ வுழாம இல்லக்கா. வுழுந்திருக்கு. எறும்பு துன்னுட்டுப் போயிருக்கு. அது வேற எந்தெந்த ட்ராப்புல நடந்திச்சின்னு இப்போ பாக்கணும். எரநூத்தி நாப்பதையும் மறுபடி தெறக்கணும்." அவள் குரலில் சலிப்பு இல்லை. "நாங்க இத்தன பேரும் பாத்தோம். ஈய எண்ணச் சொன்னாங்க, ஈயத்தான் பாத்தோம். வெதுருகுப்பம் எங்க கீதுன்னே தெரியாத ஒரு பொண்ணு எறும்பக் காட்டிக் குடுத்துட்டா."